‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டம்

கோலாலம்பூர் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தபோது, மாணவர்களின் கல்விச் சோர்வை அளக்கும் படிவங்கள் என் பொறுப்பில் இருந்தன. மொத்தம் 15 கேள்விகள். மக்களுக்குச் சேவை செய்யும் வேலைகளில் இருப்பவர்களுக்காக 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட அளவுகோலுக்கு, எல்லா வேலைகளுக்கும் பொதுவான வடிவம் ஒன்று பின்னர் வந்தது; அதை 2002-இல் ஷௌஃபெலி குழுவினர் மாணவர்களுக்கு ஏற்ப மாற்றிய வடிவம் இது. பதில் 0 என்றால் ஒருபோதும் இல்லை. 6 என்றால் எப்போதும்.

களைப்புக்கு 5 கேள்வி, படிப்பின் மேல் வரும் விட்டேற்றி மனநிலைக்கு 4, ‘என்னால் முடியும்’ என்ற உணர்வுக்கு 6. முதல் இரண்டும் ஏறி மூன்றாவது இறங்கினால் கவலைப்பட வேண்டும். மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டக்கூடாது.

முன்னோட்டத்தின்போது, படிவத்தை நிரப்பியவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்போம். ஒரு மாணவி களைப்பில் எல்லாவற்றுக்கும் 5, 6 போட்டிருந்தாள். விட்டேற்றி மனநிலையில் நான்கும் 0. சரி, களைப்பு மட்டும்தான் போல என்று நினைத்தேன். அந்த நான்கில் ஒன்றான, படிப்பில் ஆர்வம் குறைந்ததா என்ற கேள்விக்கு வந்ததும் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, அப்பா கோலசிலாங்கூர்ல செம்பனைத் தோட்டத்துல குலை வெட்டிப் பணம் அனுப்புறாரு. ஆர்வம் போச்சுன்னு எப்படி எழுதுறது? அவருக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு.”

ஆர்வம் போய் இரண்டு செமஸ்டர் ஆகிறதாம். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாமல், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் நள்ளிரவு வரை கல்லாவில் நிற்கிறாள். காலை 8 மணிக்கு விரிவுரை.

பதிலை அளந்தோம், பதில் சொல்ல விடாத குற்ற உணர்வை அளக்கவில்லை. நம் பிள்ளைகளிடம், அதுவும் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் வந்தவர்களிடம், இந்தக் குற்ற உணர்வைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். களைப்பைச் சொல்ல அவர்கள் தயங்குவதில்லை. உழைப்பவருக்குக் களைப்பு வரும், அதில் வெட்கம் என்ன? படிப்பு கசக்கிறது என்பதைத்தான் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை.

அடுத்த சுற்றில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் தூக்கம் என்று இரண்டு கேள்விகள் சேர்த்தோம். அவளுடைய 0-வை நான் திருத்தவில்லை, அவள் கொடுத்த பதில் அது. பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதினேன். அப்புறம் ஆலோசனைப் பிரிவு வரை அவளோடு நடந்தேன். வழியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், இரண்டு முறை: “அங்க பேசுறது அப்பாவுக்குத் தெரியுமாக்கா?”