மகளின் விளையாட்டுப் பைக்கு ஒரு புரோட்டீன் பார்

போன பிப்ரவரியில் தர்மபுரியில் ஒரு வாலிபால் போட்டி. பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் பசிக்கிறது என்று பையில் இருந்த புரோட்டீன் பாரைச் சாப்பிட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, வலி வந்து, அந்த ஆட்டம் முழுக்க வெளியே உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது முகமே வாடிக் கிடந்தது. அந்தப் பாரை வாங்கிக் கொடுத்தது நான்.

அவளுக்குப் பால் சேராது. மோர் ஒத்துக்கொள்ளும், ஒரு டம்ளர் பால் குடித்தால் வயிறு கலங்கிவிடும். அதனால்தான் பார்த்துப் பார்த்து வாங்கினேன். உறையின் முன்பக்கத்தில் பாதாம் படம், இலைப் படம், ஆர்கானிக் என்று பெரிய எழுத்து, மூலையில் பச்சைப் புள்ளி. தாவரத்தில் செய்தது என்று நம்பிவிட்டேன். ராத்திரி அவள் தூங்கிய பிறகு உறையைத் திருப்பிப் படித்தேன். சேர்மானப் பட்டியலில் மூன்றாவதாக வே புரோட்டீன் இருந்தது. பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுப்பது அது. பச்சைப் புள்ளிக்குச் சைவம் என்று மட்டும்தான் அர்த்தம். நம் நாட்டுச் சட்டத்தில் பாலும் சைவத்தில்தான் சேரும். பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவுமே இல்லாத பண்டத்துக்கு வீகன் சின்னம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, பச்சை நிற 'வி' எழுத்தின் மேல் சின்னதாக ஒரு செடி. பால் சேராத பிள்ளை வீட்டில் இருந்தால் அதைத் தேடுங்கள். அது இல்லையென்றால் பட்டியலை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

எனக்குத் தையல் கடை. அடுத்த வாரம் கடையை மூடிய பிறகு, துணி வெட்டும் மேஜையில் மூன்று பார்களை வரிசையாக வைத்துக்கொண்டு நானும் மகளும் உட்கார்ந்தோம். மூன்றும் ஆர்கானிக் என்றும் தாவரப் புரதம் என்றும் சொல்லிக்கொள்பவை. மூன்றிலும் பால் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன்.

முதலாவது 40 கிராம், 60 ரூபாய். புரதம் 6 கிராம், சர்க்கரை 14 கிராம். சேர்மானப் பட்டியலை எடையில் அதிகமானது முதலில் வரும்படி எழுத வேண்டும் என்பது விதி. இதில் முதலில் இருந்தது ஓட்ஸ், அடுத்தது ஆர்கானிக் கரும்புச் சர்க்கரை, அப்புறம் அரிசி சிரப். கரும்பு எப்படி விளைந்திருந்தாலும் ஆலையிலிருந்து வெளியே வரும்போது அது சர்க்கரைதான், உடம்பு அதில் வித்தியாசம் பார்க்காது. இதைப் புரோட்டீன் பார் என்று சொல்லவே எனக்கு மனசு வரவில்லை. ஒதுக்கி வைத்துவிட்டோம்.

இரண்டாவது 60 கிராம், 120 ரூபாய். புரதம் 15 கிராம், சர்க்கரை 5 கிராம்தான். பார்த்ததும் இதுதான் என்று தோன்றியது. ஆனால் இனிப்பு எங்கிருந்து வருகிறது? தேடினால் மால்டிடால். சர்க்கரை ஆல்கஹால் என்ற வகை அது. பெயரில்தான் ஆல்கஹால், போதை எதுவும் கிடையாது. ஆனால் சிறுகுடலில் முழுசாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே புளித்து வாயுவைக் கிளப்பும், சிலருக்கு வயிற்றோட்டமும் வரும். உறையிலேயே சின்ன எழுத்தில் மலமிளக்கும் தன்மை இருக்கலாம் என்று எச்சரிக்கை போட்டிருந்தது. நார்ச்சத்துக்காக இன்யூலின் வேறு. அதுவும் கூடுதலாகப் போனால் வாயுதான். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு இது சரியாக இருக்கலாம். மைதானத்தில் எகிறிக் குதிக்க வேண்டிய பிள்ளைக்கு ஒரு பாதி கொடுத்துப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. மேலே சாக்லேட் பூச்சும் இருந்தது. நம்ம ஊர் மே மாத வெயிலில் பைக்குள் அது என்ன கதி ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது 50 கிராம், 90 ரூபாய். புரதம் 11 கிராம். இனிப்புக்குப் பேரீச்சம்பழம் மட்டும். சேர்த்த சர்க்கரை சுழியம் என்று போட்டிருந்தாலும் மொத்தச் சர்க்கரை 13 கிராம் இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால் சாப்பிடுகிறவளுக்கு அந்தச் சர்க்கரை ஓடியாடி எரிந்துவிடும், அதனால் நான் கவலைப்படவில்லை. புரதத்துக்குப் பட்டாணிப் புரதமும் பழுப்பரிசிப் புரதமும், கூடவே நிலக்கடலை, பூசணி விதை.

இந்தப் பட்டாணியும் அரிசியும் சேர்ந்த கூட்டு எனக்குப் பிடித்திருந்தது. புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. தானியங்களில் லைசின் என்ற ஒன்று குறைவு, பருப்பு வகைகளில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு, தானியம் அதை ஈடு கட்டும். எங்கள் வீட்டில் தை மாசத்தில் ராகிக் களிக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்போமே, அதே கணக்குதான். ஒரு கடி கடித்துவிட்டு மகள், "அம்மா, பச்சைப் பட்டாணி மாவை அப்படியே வாயில போட்ட மாதிரி இருக்கு" என்றாள். பட்டாணிப் புரதத்துக்கு அந்த மாவு வாசம் உண்டு. இரண்டாவது கடிக்குப் பிறகு பழகிவிட்டது.

ஆர்கானிக் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அஞ்செட்டிப் பக்கம் என் அண்ணனுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது. ராகி விதைத்து நடுவே சால் விட்டு அவரை போடுவார், பின்பட்டத்தில் கொள்ளு. பிஜிஎஸ் என்ற ஆர்கானிக் சான்று முறையில் பக்கத்து விவசாயிகளோடு குழுவாகச் சேர்ந்திருக்கிறார். குறைந்தது ஐந்து பேர் வேண்டும். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். ரசாயனத்தை விட்டு மாறும் காலத்தில் பிஜிஎஸ் கிரீன் என்றுதான் கொடுப்பார்கள், முழுசாக மாறிய பிறகே பிஜிஎஸ் ஆர்கானிக். ஏற்றுமதிக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் என்பிஓபி என்ற இன்னொரு முறை, அதற்கு வெளியிலிருந்து சான்று நிறுவனம் வரும். மருந்தடிக்காமல் முதல் இரண்டு வருஷம் அண்ணன் பட்ட பாடு எனக்குத் தெரியும். கொள்ளில் பாதி பூச்சிக்குப் போனது. அண்ணி அப்போது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனால் ஆர்கானிக் என்ற சொல்லை யாராவது லேசாக உறையில் அச்சடித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் பார்த்த சான்று பெற்ற பண்டங்களில் ஜைவிக் பாரத் என்ற அரசுச் சின்னம் இருந்தது. கூடவே இந்தியா ஆர்கானிக் அல்லது பிஜிஎஸ் முத்திரையும் இருந்தது. பல பொருள் கலந்த பண்டமாக இருந்தால், என்பிஓபி விதிப்படி 95 சதவீதமாவது சான்று பெற்ற பொருளாக இருந்தால்தான் ஆர்கானிக் என்று பெயர் போடலாம். 70 சதவீதத்துக்கு மேல் என்றால், ஆர்கானிக் பொருட்களைச் சேர்த்துச் செய்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். மேஜை மேல் இருந்த மூன்றில் ஜைவிக் பாரத் சின்னம் இருந்தது முதலாவதில் மட்டும், அதுதான் சர்க்கரை அதிகமான பார். மூன்றாவதில் பேரீச்சம்பழத்துக்கும் நிலக்கடலைக்கும் பக்கத்தில் மட்டும் ஆர்கானிக் என்று காட்டும் நட்சத்திரக் குறி, பட்டாணிப் புரதத்துக்கு எதுவும் இல்லை.

ஆர்கானிக் என்பது நிலத்தைப் பற்றிய சேதி. என் மகள் உடம்புக்கு எத்தனை கிராம் புரதம் போகும் என்பதற்கு அது பதில் சொல்லாது. இரண்டும் எனக்கு முக்கியம். இரண்டையும் உறையில் தனித்தனி இடத்தில் தேட வேண்டியிருந்தது.

சரி, புரதம் எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐசிஎம்ஆர் சொல்வது, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். மகள் 48 கிலோ, அப்படிப் பார்த்தால் 40 கிராம். வளர்கிற வயசு, விளையாட்டு வேறு, இன்னும் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். ஒரு கிராம் புரதத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்றும் போட்டுப் பார்த்தோம். முதல் பாரில் 10 ரூபாய், இரண்டாவதில் 8, மூன்றாவதில் எட்டு ரூபாய் சொச்சம். கிலோ 150 ரூபாய்க்கு நான் வாங்கிய நிலக்கடலைப் பருப்பில் 60 பைசா.

அந்த 60 பைசாவைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. 200 கிராம் வறுத்த நிலக்கடலை, 100 கிராம் பொட்டுக்கடலை, 50 கிராம் எள், 150 கிராம் வெல்லம். கடலையையும் பொட்டுக்கடலையையும் கொரகொரப்பாகப் பொடித்து, வெல்லத்தை லேசாகப் பாகு வைத்து, 20 உருண்டை பிடித்தேன். ஒன்றில் ஏறக்குறைய 4 கிராம் புரதம். இரண்டு உருண்டை சாப்பிட்டால் 8 கிராம், செலவு ஆறேழு ரூபாய். பாரைவிடப் புரதம் குறைவுதான். கொழுப்பும் வெல்லமும் கூட இருப்பதால் நாலைந்து உருண்டை என்று போகக் கூடாது. ஆனால் தினமும் பள்ளி விட்டு வந்து பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு 90 ரூபாய் பார் எங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது. கொள்ளிலும் நல்ல புரதம் இருக்கிறது, அதை ராத்திரி ரசமாகவும் சுண்டலாகவும் கொடுத்துவிடுகிறேன். உருண்டையில் சேர்த்துப் பார்த்தேன், அவள் தொடவில்லை.

அதனால் இப்போது வீட்டு நாட்களில் உருண்டை, வெளியூர்ப் போட்டிக்கு மூன்றாவது பார். பிசுபிசுக்காது, உருகாது, நசுங்கினாலும் சாப்பிடலாம். புதுசாக எதையும் போட்டியன்று முதல்முறையாகக் கொடுப்பதில்லை, ஒரு வாரம் முன்னாலேயே பயிற்சி நாளில் கொடுத்துப் பார்த்துவிடுவேன். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் அணியில் இருக்கலாம் என்பதால், கேட்காமல் யாருக்கும் பங்கு கொடுக்கக் கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை மறுபடியும் தர்மபுரி. காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் பையில் இரண்டு பார், ஒரு பாட்டில் தண்ணீர். போன வாரம் வந்த அண்ணனிடம் அந்த உறையைக் காட்டினேன். அவர் நட்சத்திரக் குறி போட்ட நிலக்கடலையை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊரு நிலம்னு போட்டிருக்காங்களாம்மா?" என்று கேட்டார். போடவில்லை.