நாகூர் வாடாவும் கூத்தாநல்லூர் தம்ரூட்டும்

மாலை நான்கரை மணிக்கு மேல் தஞ்சாவூரில் எந்தத் தெருவில் எண்ணெய்ச் சட்டி காய்ந்தாலும் எனக்கு நாகூர் வாடாவின் நினைவு வந்துவிடும். அப்பாவின் வேலை காரணமாக எட்டு ஆண்டுகள் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவன் நான். பள்ளி விட்டு வந்ததும் அக்காவும் நானும் கையில் சில்லறையோடு நாகூர்ப் பேருந்தில் ஏறிய நாட்கள் பல. ஊரை விட்டு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த பிறகும் நாக்கு அந்த நேரத்தை மறக்கவில்லை.

வாடாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயரைக் கேட்டு உளுந்து வடையையோ பருப்பு வடையையோ நினைக்க வேண்டாம். அரிசி மாவில் தேங்காய்த் துருவலும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் வட்டமாகத் தட்டி, அதன் மேல் ஓர் இறாலை வாலோடு பதித்து எண்ணெயில் இடுவார்கள். வெந்து வரும்போது ஓரங்கள் சிவந்து மொறுமொறுப்பாகும்; நடுப்பகுதி மட்டும் மெத்தென்று இருக்கும். இறாலின் வால் கருகுவதற்குச் சற்று முன் எழும் மணமே எடுப்பதற்கான பக்குவம் என்று கடைக்காரர் ஒருவர் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார். கொழும்புக் கடற்கரையில் விற்கும் இசோ வடையிலும் இறாலை இப்படித்தான் பதிக்கிறார்கள். ஆனால் அது பருப்பு வடை, இது அரிசி வாடா. இரண்டையும் உண்டவன் என்ற உரிமையில் நான் நாகூரின் பக்கமே நிற்பேன்.

தஞ்சாவூரில் உணவுக்குக் குறை ஒன்றும் இல்லை. 1855 வரை ஏறத்தாழ 180 ஆண்டுகள் இங்கே ஆண்ட மராட்டியர் விட்டுச் சென்ற சுவைகள் இன்றும் வீடுகளில் வாழ்கின்றன. வறுத்த உளுந்து மாவைத் தயிரில் கலக்கும் டாங்கர் பச்சடி என் மாமியார் வீட்டில் வாரம் ஒரு முறை இலைக்கு வரும். மராட்டியத்தின் பூரண்போளியை நாங்கள் போளி என்று சுருக்கிக்கொண்டோம். பாசிப்பருப்பையும் நெய்யையும் சர்க்கரையையும் சேர்த்துக் கிளறும் அசோகாவுக்குத் திருவையாறு அரைமணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்கு உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த கடப்பா வேண்டுமென்றால் கும்பகோணம் வரை போகலாம். இவை யாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தானோ என்னவோ, இவற்றுக்காக நான் ஏங்கியதில்லை. என் ஏக்கம் எப்போதும் கடல் பக்கமே போகிறது.

சென்ற மே மாதம் அது தாங்க முடியாமல் போனது. சாலியமங்கலம், நீடாமங்கலம், கொரடாச்சேரி, கீழ்வேளூர், சிக்கல் என்று நிலையங்களை எண்ணிக்கொண்டே ரயிலில் நாகூர் போய் இறங்கினேன். தர்காவை வணங்கிவிட்டு அலங்கார வாசல் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் நின்றபோதுதான் என் அவசரத்தின் பிழை புரிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத மீன்பிடித் தடைக்காலம். நல்ல இறால் வரத்து இல்லை. “இன்னைக்கு வெங்காய வாடாதான் தம்பி, இறால் வெலை கட்டுப்படியாகல” என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். வெறும் வாடா இரண்டைத் தின்றேன். சுவை குறையவில்லை. ஆனாலும் அந்த வாலின் மணம் இல்லாமல் திரும்பும் மனம் வரவில்லை.

அந்த ஏமாற்றம்தான் என்னை இன்னொரு பழைய ஆசையின் பின்னால் அனுப்பியது. சிறு வயதில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா பெருநாள் அன்று தட்டில் வைத்துக் கொடுத்த தம்ரூட், ரவையும் முட்டையும் பாலும் நெய்யும் சேர்ந்த இனிப்பு. தஞ்சாவூரில் ஒரு பேக்கரியில் அதே பெயரில் வாங்கிப் பார்த்தேன். வனஸ்பதி அண்ணத்தில் ஒட்டியது. ரவை சரியாக ஊறவே இல்லை. அந்தப் பெயரை அதற்கு வைத்திருக்கக் கூடாது என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, திருவாரூர் – மன்னார்குடி சாலையில் இருக்கும் கூத்தாநல்லூருக்குப் போனேன். தலைமுறை தலைமுறையாக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சபர், அதாவது பிழைப்புக்காகக் கடல் கடந்த பயணம், போனவர்களின் ஊர் அது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் ஓடிய காலத்தில், போனவர்கள் திரும்பும்போது பெட்டிகளோடு கைப்பழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். முர்தபாவைப் பாருங்கள்: ‘மடித்தது’ என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர், சிங்கப்பூரில் தமிழ் முஸ்லிம்களின் கல்லில் பெயர் பெற்ற பண்டம். காகிதம் போல் வீசி விரித்த மாவின் மேல் கொத்துக்கறியும் முட்டையும் வெங்காயமும் பரப்பி, நான்கு பக்கமும் மடித்துச் சதுரமாகச் சுட்ட அதைக் கூத்தாநல்லூரில் மதியம் தின்றேன். மாலை வரை வேறு எதுவும் கேட்கவில்லை.

தம்ரூட்டோ எனக்குக் கடையில் கிடைக்கவில்லை. சொல்லி வைத்தால் வீட்டில் செய்து கொடுக்கும் ஒரு பெரியம்மாவிடம் அழைத்துப் போனார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வேறு ஒரு வீட்டுக்காக அன்று அடுப்பில் ஒரு சட்டி இருந்ததால் பார்க்கும் பேறு கிடைத்தது. நெய்யில் வறுத்துப் பாலில் ஊறிய ரவைக் கலவை அடிகனமான சட்டியில் இருந்தது. கீழே மெல்லிய தணல். மேலே கவிழ்த்த தட்டின் மீதும் கொட்டாங்குச்சிக் கங்குகள். மேலும் கீழும் இப்படிச் சூடு கொடுப்பதுதான் ‘தம்’. கரண்டியால் கங்குகளை அவர் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். நடுவில் குவிந்தால் மேற்புறம் கருகிவிடுமாம். தட்டை எடுத்ததும் ஏலக்காயும் நெய்யும் கலந்த ஆவி எழுந்தது. மேற்பரப்பு தேக்கு மர நிறத்தில் இருந்தது. ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் வெட்டிக் கொடுத்தார். வாயில் வைத்ததும் எனக்குக் கண் கலங்கியது. பக்கத்து வீட்டு அம்மாவின் கை மணம் அதில் அப்படியே இருந்தது.

“எங்க அம்மாவும் நாகூர்தான் தம்பி. ஓவன்ல வச்சா சீக்கிரம் ஆயிடும், ஆனா அடி இப்படிச் செவக்காது” என்றார். அரைக் கிலோ வேண்டும் என்று சொல்லி முன்பணம் கொடுத்தேன். வியாழக்கிழமை காலையில் வரச் சொன்னார். வாசல் வரை வந்துவிட்டு, மறந்தது போல் மீண்டும் கூப்பிட்டார்: “வர்றப்ப சம்படம் எடுத்துட்டு வாங்க. அட்டைப்பெட்டி நெய்யைக் குடிச்சிடும்.”

மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம் ஒன்றை அன்றிரவே பரணிலிருந்து இறக்கிக் கழுவி வைத்தேன். அக்காவுக்கும் சொல்லிவிட்டேன், அவள் மாயவரத்திலிருந்து திருவாரூருக்கு வந்துவிடுவாள். தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய்விட்டதால், கூத்தாநல்லூரிலிருந்து அப்படியே நாகூர் போய் நான்கரை மணிக்குக் கடை முன்னால் நிற்பதாகத் திட்டம்.