சுங்கை சிப்புட்டில் ஒரு வேன்

சிறிய கிறிஸ்தவ ஊழியங்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். விண்ணப்பம் வந்தால் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. மலேசியாவில் பினாங்கிலிருந்து ஜொகூர் வரை இதற்காகச் சுற்றியிருக்கிறேன். டியூஷன் வகுப்புகள், முதியோர் இல்லங்கள், குடியை விட நினைப்பவர்களுக்கான விடுதிகள், கடைவீட்டு மாடியில் கூடும் சபைகள் என்று பலவற்றைப் பார்த்தாயிற்று. ஆனால் எந்தச் செலவுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற என் எண்ணத்தை மாற்றியது பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்தான்.

ஈப்போவிலிருந்து கோல கங்சார் போகும் வழியில், சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டி வரும் ஊர் அது. 1948 ஜூனில் இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதையொட்டி அவசரகாலம் வந்ததையும் எல்லாரும் படித்திருப்போம். அங்கே போனபோது என் கண்ணில் பட்டது வேறு விஷயம். தோட்டத்து மக்கள் தோட்டத்தில் இல்லை.

முன்பெல்லாம் லயத்து வீடு (தொழிலாளர் வரிசைவீடு), பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. சில தோட்டங்களில் ஒரு சிற்றாலயமும் இருக்கும். மணி அடித்தால் ஜனம் வந்துவிடும். ஆனால் அந்த நிலம் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தபோது ஆள் தேவை குறைந்தது. பல தோட்டங்கள் கைமாறின, சில வீடமைப்புக்குப் போயின. குடும்பங்கள் ஆளுக்கொரு தாமானுக்கும் (வீடமைப்புக் குடியிருப்பு) மலிவுவிலை அடுக்குமாடிக்கும் பிரிந்து போனார்கள். கோயிலானாலும் சிற்றாலயமானாலும் நிலத்துக்குப் பட்டா இல்லாததால் வழக்காடக்கூட வழியில்லாத இடங்கள் பல.

வடக்கே பாகான் செராய்க்குப் போனபோது இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். 1880களில் பிரெஞ்சுக் குருக்கள் அங்கே நிலம் பெற்றுத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேற்றினார்கள். காலடியில் சொந்த நிலம் இருந்ததால் அந்தச் சமூகம் வேர் பிடித்தது. சுங்கை சிப்புட்டிலேயே பிறந்த மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்த நிலக் கவலையால்தான். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே பங்கு போட்டு வாங்க வேண்டும் என்பது அவர் திட்டம். அது எட்டாத குடும்பங்களைத்தான் இன்றைக்கு ஊழியக்காரர்கள் தேடிப் போகிறார்கள்.

அப்படித் தேடிப் போகிற பாஸ்டர் ஒருவரோடு சில நாள் இருந்தேன். பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளை. அவர் விண்ணப்பத்தில் கேட்டிருந்தது வேனுக்கு டீசல், டயர், ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ். எங்கள் விண்ணப்பப் பாரத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. கட்டடம், கருவிகள், பயிற்சி, இவ்வளவுதான் இருந்தது. ஒரு சிறிய மண்டபத்துக்குக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று நானே சொன்னேன்.

"மண்டபம் நல்லதுதான், பிரதர். ஆனால் ஜனங்களை அங்கே யார் கொண்டு வந்து சேர்ப்பது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் தாமான் தாமானாகப் போய், கடைசியில் செம்பனைக்குள் மிச்சமிருக்கும் ஒரு லயத்துக்கும் போய் ஆட்களை ஆராதனைக்கு ஏற்றி வருகிறது. பஸ் வராத இடம் அது. மற்ற நாள்களில் வேனுக்கு இன்னும் வேலை அதிகம். காலையில் பெரியவர்களை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மாலையில் டியூஷன் பிள்ளைகள். அவர்கள் பசியோடு வருவார்கள் என்று பாஸ்டரம்மா முதலில் சோறு போட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள். வேதபாடம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் பெற்றோர் விரும்பினால். கணக்குச் சொல்லிக் கொடுப்பதைத் தூண்டில் ஆக்கக் கூடாது என்பதில் பாஸ்டர் உறுதியாக இருக்கிறார். எனக்கும் அதே எண்ணம்தான். சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் நிபந்தனை வைக்கிற இடத்துக்கு நான் பரிந்துரை எழுத மாட்டேன்.

ஆனால் அந்த வேன் போகும் இடங்களில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது பிறப்பையும் அடையாள அட்டையையும் பதியும் பதிவு இலாகா. மலேசியாவில் 12 வயதானால் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்க வேண்டும். அப்போதுதான் பல வீடுகளில் பிறப்புப் பத்திரம் இல்லை என்பதே வெளியே வருகிறது. பாட்டி தோட்டத்தில் பிறந்தபோது யாரும் பதியவில்லை. அம்மாவுக்கும் பத்திரம் இல்லை. கல்யாணம் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்துவிட்டது. முஸ்லிம் அல்லாதவர்களும் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சிலிருந்து நடப்பில் இருந்தும், பதியாத குடும்பங்கள் உண்டு. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. அப்பா நீல ஐசி (குடிமக்களுக்கான அடையாள அட்டை) வைத்திருந்தாலும், தாய்க்குக் குடியுரிமை இல்லை என்றால் பிள்ளைக்குச் சிக்கல்தான். ஒரு தலைமுறையில் விடுபட்ட காகிதம் அடுத்த தலைமுறையின் கழுத்தைப் பிடிக்கிறது.

நான் கூடப் போன அன்று ஒரு பாட்டியும் பேரனும் வேனில் இருந்தார்கள். "தம்பி, படிச்சவங்க ஒருத்தர் பக்கத்துல நின்னா கவுண்டர்ல கொஞ்சம் பொறுமையா பேசுறாங்க" என்றார் பாட்டி. பள்ளிக் கடிதம், பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியின் பதிவு, சாட்சி சொல்ல ஒரு பழைய அண்டை வீட்டுக்காரர் என்று பாஸ்டர் ஒரு கோப்பே வைத்திருந்தார். அன்றைக்கும் வேலை முடியவில்லை, இன்னொரு காகிதம் கேட்டார்கள். திரும்பி வரும்போது, அந்த அண்டை வீட்டுக்காரரின் மகன் இப்போது எந்தத் தாமானில் இருக்கிறார் என்று பாஸ்டர் விசாரித்துக்கொண்டே வந்தார்.

ஜெபக்கூட்டத்தில் எத்தனை பேர், எத்தனை ஞானஸ்நானம் என்று கேட்கும் பாரத்தில் இந்த அலைச்சலை எங்கே எழுதுவது? நான்கு பக்கத்துக்கு ஒரு தனிக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். கட்டடத்துக்குக் கொடுப்பதில் குறையில்லை. ஆனால் தோட்டம் கலைந்த ஊரில் சபை என்பது பிரிந்து கிடக்கும் குடும்பங்களைச் சேர்த்துப் பிடிக்கிற வேலை. அதற்கு வண்டி ஓட வேண்டும், ஓட்டுகிறவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கொடையாளிகள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கமிட்டி ஓராண்டு டீசலுக்கும் இன்சூரன்சுக்கும் சம்மதித்தது. ஓட்டுநருக்கான மாதப்படியை ஒத்திவைத்துவிட்டார்கள். பாஸ்டர் ஒருவரே ஓட்டிக்கொண்டிருந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் எல்லாமே நின்றுவிடும் என்று எழுதி, அடுத்த கூட்டத்துக்கு அதையே மறுபடி வைத்திருக்கிறேன். பாரத்தில் "போக்குவரத்து" என்று ஒரு கட்டம் சேர்க்கவும் கேட்டிருக்கிறேன்.