ரசீது புத்தகம் அடிக்கிற கடையின் நன்கொடைக் கணக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பிரஸ்ஸுக்கு நன்கொடை ரசீது புத்தகத்தோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அதில் பாதிப் புத்தகம் நாங்களே அடித்துக் கொடுத்தது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சின்ன ஆப்செட் பிரஸ், என்னையும் சேர்த்து ஏழு பேர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், துண்டு நோட்டீஸ், ஆவணியிலிருந்து மார்கழி வரை காலண்டர். ரசீது அடித்தவளிடமே வந்து ரசீது கிழிப்பது வேடிக்கைதான். ஆனால் யார் எப்படிப்பட்டவர் என்பது எங்களுக்கு ஆர்டர் எடுக்கும்போதே தெரிந்துவிடும். ஒழுங்காக நடத்துகிறவர்கள் டிரஸ்ட் பதிவு எண், பான் எண், வரிச் சலுகைக்கான 80ஜி அனுமதி எண் எல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள். புரூஃபில் ஒரு எண் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். வேறு சிலர், "நம்பரிங் வேணாங்க, அடிக்கட்டையும் வேணாம், சும்மா அடிச்சுக் குடுங்க" என்பார்கள். வரிசை எண்ணும் அடிக்கட்டையும் இல்லாவிட்டால் எத்தனை கிழித்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று யார் பார்ப்பது? அப்படிப்பட்டவர்களுக்கு அடித்துக் கொடுப்போம், கூலி வாங்கிக்கொள்வோம், நன்கொடை மட்டும் கிடையாது.

அப்பா காலத்தில் இதற்கெல்லாம் திட்டம் ஒன்றும் இல்லை. பழைய டிரெடில் அச்சு மிஷின் பக்கத்தில் நின்றபடியே சட்டைப் பையில் கைவிட்டு வந்ததைக் கொடுப்பார். தாராளமான கை. சீசன் முடிவில் எவ்வளவு போயிற்று, யாருக்குப் போயிற்று என்று அவருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. இப்போது ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எல்லோருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறோம். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. மிஷின்மேன் அண்ணன் வடலூர் வள்ளலார் பக்தர், கட்டிங் போடுகிறவர் பாய், டிசைன் தம்பி வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பார்கள். ஆகவே எந்தப் பண்டிகைக்கு என்ற பேச்சே எழாது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது மட்டும்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், சின்னக் கடை வைத்திருக்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது அதைத்தான். வேலை செய்கிறவர்கள் சம்பளத்திலிருந்து ஒரு பைசா பிடிப்பதில்லை. தீபாவளிக்குப் போனஸ் கொடுத்துவிட்டு மறுநாளே "நல்ல காரியம், ஆளுக்கு ஐநூறு போடுங்க" என்று உண்டியலை நீட்டும் முதலாளிகளை எனக்குத் தெரியும். முதலாளி கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? அது தர்மம் ஆகாது. போனஸும் தர்மம் ஆகாது என்பது வேறு விஷயம். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் போனஸ் சட்டப்படி வருஷச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தாக வேண்டும், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். ஏழு பேர் கடைக்கு அந்தச் சட்டம் வராது. இருந்தாலும் அதே அளவுதான் கொடுக்கிறோம். அதை நன்கொடைப் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படுவதில்லை.

தர்மப் பணம் வருவது கழிவிலிருந்து. கட்டிங் மிஷினில் விழும் தாள் துண்டுகளைப் பாய் வெள்ளை தனி, கலர் தனி என்று மூட்டை கட்டி வைப்பார். வெள்ளைக்கு விலை அதிகம், கலந்துவிட்டால் போச்சு. அப்புறம் அச்சடித்து முடித்த பழைய அலுமினிய பிளேட்டுகள். இரண்டையும் விற்று வரும் பணம் தனி டப்பாவில் சேரும். வருஷக் கடைசியில் அதே அளவு தொகையை நான் கடைக் கணக்கிலிருந்து போடுவேன். போன சீசனில் டப்பாவில் 18,000 சொச்சம் இருந்தது, ஆக மொத்தம் முப்பத்தாறாயிரம். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த டப்பாவில் எல்லோருடைய உழைப்பும் இருப்பதால் "நீங்க பார்த்து எதாவது செய்ங்க" என்று யாரும் ஒதுங்குவதில்லை. மூட்டை கட்டியவருக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு, கேட்கவும் செய்கிறார்.

எங்கள் முக்கியமான முடிவு, பாதிப் பணத்தைத் தீபாவளிக்கு முன்பு தொடக் கூடாது என்பது. காலண்டர் அடிக்கிறவர்களுக்குத் தேதி மறக்காது. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறி, பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015-ல் பெருமழை கொட்டிய நவம்பர் 9, தீபாவளிக்கு முதல் நாள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அது போதாதென்று சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. இந்த ஊரில் கையேந்த வேண்டிய நிலை வருவது பெரும்பாலும் பட்டாசு வெடித்து முடித்த பிறகுதான். அதற்குள் ஊரில் எல்லோருடைய தர்மக் கணக்கும் முடிந்து, மிச்சம் இருப்பது காலி ஸ்வீட் பாக்ஸ்தான்.

ஸ்வீட் பாக்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லம். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டேன். நிர்வாகி அம்மா சிரித்துவிட்டார். "இனிப்பு மட்டும் வேண்டாம்மா. இங்க முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை. போன தீபாவளிக்கு வந்த மைசூர்பாவை நாங்கதான் எறும்புகிட்ட இருந்து காப்பாத்திக்கிட்டிருந்தோம்." தீபாவளி, பொங்கல், ஜனவரி 1 மூன்று நாள் சாப்பாட்டையும் யாராவது மாதக்கணக்கில் முன்பே புக் செய்துவிடுகிறார்களாம். ஆனி, ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு ஆள் கிடைப்பதில்லையாம். அவர் கேட்டது பெரியவர்களுக்கான டயபர், டெட்டால், படுக்கையில் விரிக்க ரெக்சின். இதையெல்லாம் ரிப்பன் கட்டிக் கொடுத்துப் போட்டோ எடுக்க முடியாது, அதனால்தான் யாரும் வாங்கித் தருவதில்லை போலும்.

போனை வைக்கும் முன் கொஞ்சம் தயங்கி, "டெய்லி காலண்டர் இருந்தா குடுங்க, பெரிய எழுத்துல" என்றார். ஹாலில் ஒரே காலண்டர்தானாம், காலையில் யார் தாள் கிழிப்பது என்று தினமும் சண்டையாம். எங்களிடம் சிவகாசியிலிருந்து வாங்கிய டெய்லி தாள்கட்டு எப்படியும் மிஞ்சும், அட்டையும் மிஞ்சும். கட்டிலுக்கு ஒன்று என்று அடித்துக் கொண்டுபோய் ஆளுக்கொரு ஆணியில் மாட்டிவிட்டோம். ஒரு பாட்டி அன்றைக்கே மே மாதம் வரை புரட்டிப் பார்த்து, தன் பேரன் பிறந்தநாளன்று சந்திராஷ்டமம் யாருக்கு என்று சத்தமாகப் படித்துக் காட்டினார். டயபருக்கு நாங்கள் செலவழித்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை அந்தக் காலண்டர்களுக்கு. இல்லத்தில் எல்லோரும் பேசுவது என்னவோ காலண்டரைப் பற்றித்தான்.

பள்ளிக்கூடத்திலும் கேட்ட பிறகுதான் தெரிந்தது. வெட்டு மிச்சத் தாளில் ரஃப் நோட்டு தைத்துக் கொடுக்கலாம் என்பது டிசைன் தம்பியின் யோசனை. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை, நோட்டு, பாடப்புத்தகம், பை, ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாம் அரசே தருகிறது, பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாள் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். ஜெராக்ஸ் செலவு ஆசிரியர்கள் கையிலிருந்து போகிறதாம். காலண்டர் வேலை ஓய்ந்ததும் மிஷினுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், அதில் அடித்துக் கொடுத்தோம். தம்பியின் தங்கை அதே பள்ளியில் பத்தாவது. அந்த நாட்களில் அவனைக் கம்ப்யூட்டர் பக்கமே விடாமல் பைண்டிங் டேபிளில் உட்கார வைத்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பசை தடவினான்.

சரி, தீபாவளிக்கு முன் தொடாமல் வைத்த அந்தப் பாதிக்கு, மழைப் பணத்துக்கு, வருகிறேன். பைண்டிங் அக்கா வீடு குண்டு உப்பலவாடியில். ஃபெஞ்சல் சமயத்தில் தென்பெண்ணைத் தண்ணீர் இடுப்பளவு வந்த வீடு. அவர் இல்லையென்றால் நாங்களும் சாம்பார் சாதப் பொட்டலத்தோடு வேனில் கிளம்பியிருப்போம். பில் புக் தாள்களை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "மொத ரெண்டு நாள் சோறு வந்துடும்மா. மெயின் ரோட்டுல இருக்கிறவங்களுக்கு மூணு தடவகூட வரும், உள்ள இருக்கிற தெருவுக்குத்தான் வராது. தண்ணி வடிஞ்ச பொறவு யாரும் வரமாட்டாங்க. அப்பத்தான் எங்களுக்கு வேலையே."

அவர் சொல்லச் சொல்ல ஆர்டர் விவரம் எழுதும் ஒரு ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சேற்றை வழிக்க மண்வெட்டி, நல்ல தென்னந்துடைப்பம். ஈரத்தோடு வழித்தால்தான் உண்டு, காய்ந்துவிட்டால் சிமெண்ட் மாதிரி தரையைப் பிடித்துக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர். படுக்கிற பாய், தலையணை எல்லாம் ஊறிப் போயிருக்கும், அதனால் ஆளுக்கொரு பாய். கொசுவலை. நாப்கின் (இதை மட்டும் குரலைத் தணித்துச் சொன்னார், மிஷின்மேன் அண்ணன் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்). கேஸ் அடுப்பு பர்னரில் சேறு புகுந்திருக்கும், அதைச் சுத்தம் செய்து தர ஒரு மெக்கானிக்குக்கு அரைநாள் கூலி. பழைய துணி வேண்டாம். "கிழிஞ்ச புடவையும் பட்டன் இல்லாத சட்டையும் எங்க வீட்லயே இருக்கு, அதுவும் நனைஞ்சிதான் கெடக்கு."

கடைசியாக அவர் கேட்டதுதான் எங்கள் தொழிலுக்கே பொருந்திவந்தது. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் நனைந்து, அதற்கு நகல் வாங்க ஜனங்கள் அலைந்த அலைச்சல் அவர் பார்த்தது. இதற்கு வெள்ளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லையே? ஐப்பசி முதல் ஞாயிறு, அவர் தெருவில் ஒரு திண்ணையில் ஜெராக்ஸ் மிஷினையும் லேமினேஷன் மிஷினையும் இறக்கினோம். ஒரிஜினலுக்கு லேமினேஷன் போடுவதில்லை, பின்னால் சில ஆபீஸ்களில் வாங்க மாட்டார்கள். நகலுக்கு லேமினேஷன், ஒரிஜினலுக்குத் தண்ணீர் புகாத ஜிப் கவர். செலவு மொத்தமே மூவாயிரத்துக்குள் முடிந்தது. கரண்ட் போய் ஒருமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு டீயும் முறுக்கும் கொடுத்து உபசரித்தார்கள், யார் யாருக்குத் தர்மம் செய்தது என்பதே குழம்பிவிட்டது.

வரிச் சலுகை பற்றியும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருளாகக் கொடுத்தால் 80ஜி கழிவு கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது, செக்கோ ஆன்லைனோதான். ரசீது மட்டும் போதாது, அந்த அமைப்பு படிவம் 10பிஇ சான்றிதழும் தர வேண்டும். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு. இதெல்லாம் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு. நான் புதிய முறைக்கு மாறிவிட்டேன், அதில் 80ஜி கழிவே இல்லை. அதனால் துடைப்பம் வாங்கிக் கொடுக்கும்போது ஆடிட்டர் முகம் கண்முன் வருவதில்லை. ஒருவகையில் நிம்மதி.

ஒரே ஒரு விஷயத்தில் இன்னும் இழுபறி. கொடுக்கிற பொருளில் பிரஸ் பெயர் போட வேண்டுமா? ஜிப் கவரில் பெயரும் போன் நம்பரும் அடிக்கலாம், நமக்கும் விளம்பரம் என்கிறான் தம்பி. காலண்டரில் போட்டோமே என்பது அவன் வாதம். காலண்டர் என்றால் கீழே கடைப் பெயர் இருக்கும், அது வேறு. ஒருவர் தன் வீட்டுப் பட்டாவை வெளியே எடுக்கும்போதெல்லாம் என் கடைப் பெயரைப் பார்க்க வேண்டுமா என்று எனக்குப் படுகிறது. பாய் என் பக்கம். பைண்டிங் அக்கா தம்பி பக்கம் சேர்ந்ததுதான் ஆச்சரியம்: "பேரு இருந்தா என்னம்மா, யாரு குடுத்தாங்கன்னு தெரியும்ல." போன தடவை பெயர் இல்லாமல்தான் போயிற்று, இந்த வருஷம் எப்படியோ.

மழை பெரிதாக வராமல் போனால் அந்தப் பாதிப் பணத்தை என்ன செய்வது? மிஷின்மேன் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை, அரிசி மூட்டையாக வாங்கி வடலூர் தருமச்சாலைக்குத்தான். "1867-லேர்ந்து அணையாத அடுப்பு பாப்பா, அங்க என்னைக்குப் போனாலும் பசியோட ஆள் இருக்கும்" என்கிறார். அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். நிர்வாகி அம்மா சொன்ன ஆனி, ஆடிச் செவ்வாய்க்கிழமைகளை நான் முன்வைத்தேன். பாய், அடுத்த வருஷ மழைக்கே வைத்துவிடலாம், ஒரு வருஷம் தப்பினால் மறு வருஷம் தப்பாது என்றார். மூன்றுமே நியாயமாகத்தான் படுகிறது. தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு மறுபடி உட்காருவது என்று பேசியிருக்கிறோம். அதுவரை டப்பா சாவி அக்காவிடம்.