மகிழ்ச்சி தராத ஓர் உளி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் குடியிருக்கும் மலிவு விலை வீட்டுக்கு வரும் உறவினர்கள், வெறுமையான கூடத்தைப் பார்த்துவிட்டு, வீட்டைக் காலி செய்யப் போகிறாயா என்று கேட்பது வழக்கம். பொருள்களைக் குறைக்க விரும்புவோருக்கு ஜப்பானிலிருந்து பரவிய அறிவுரை ஒன்று உண்டு: ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து, தராததை நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். துணிமணிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால், விடியுமுன் தோட்டத்து ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய்க் கொசுக்கடியில் மரத்துக்கு மரம் ஓடிய தாத்தாவின் இரப்பர் பால் வெட்டும் உளி யாருக்கு மகிழ்ச்சி தரும்?

இரப்பர் மரப்பட்டையை இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழ்நோக்கிச் சாய்வாக, ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டுமே சீவ வேண்டும். வெட்டின் ஆழம் குறைந்தால் பால் சரியாக வடியாது, கூடினால் மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மரத்துக்குள் நீரழுத்தம் விடியலில் மிகுந்திருப்பதால்தான் அந்த வேலை இருட்டிலேயே தொடங்கியது. அத்தனை நுணுக்கமும், தீட்டித் தீட்டித் தேய்ந்த அந்த அலகில்தான் இருக்கிறது. படம் எடுத்தால் போதும் என்று தோன்றுவதைப் படம் எடுத்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன். தொட்டால்தான் விளங்கும் என்பதை வைத்துக்கொள்கிறேன். பால் வடியும் மங்குகளும், பால் சுமக்கும் தோம்பும் படமெடுத்தபின் அப்படித்தான் போயின.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒன்று, ஆயாவின் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம். வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறியபோது, தொழிலாளர்கள் வேலையையும் தோட்டத்து வரிசை வீடான லயத்து வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். எங்கள் ஊரில் பிறந்த அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், அவர்களுடைய சேமிப்பைத் திரட்டியே தோட்டங்களை வாங்கியது. பத்திரத்துக்குப் படம் போதும்தான். ஆனாலும், சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத ஒருத்தி தோட்டங்களில் பங்காளியானதற்கு எங்கள் வீட்டில் உள்ள ஒரே சான்றை, நானே வைத்துக்கொண்ட விதியின் பெயரால் எறிவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஈரத்துக்கும் பூச்சிக்கும் அஞ்சி அதை இறுக மூடும் டப்பாவில் வைத்திருக்கிறேன். உளிக்குத் தையல் இயந்திர எண்ணெய் போதும். தீபாவளிக்கு முன் இரண்டையும் எடுத்துத் துடைத்து வைப்பேன். துடைப்பதற்கு வேறு பொருள்கள் அதிகம் இல்லாததால், அந்த வேலை காலைப் பசியாறுவதற்குள் முடிந்துவிடும்.