ஓட்டை போட்ட சிப்பி

அக்கா மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே அவனைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். வெயில் ஏறினால் மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

அலை எப்படி இருக்கும், வானம் எப்படி இருக்கும் என்று வர்ணிக்க ஆரம்பித்தேன். "மாமா, கொஞ்ச நேரம் பேசாம இரு" என்றான். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

ஈர மணலில் உட்கார்ந்து சிப்பிகளைத் துழாவியவன் ஒன்றை நீட்டினான். "இதுல யாரோ ஓட்டை போட்டிருக்காங்க." ஊசியில் குத்தியதுபோல வட்டத் துளை, மேலே அகலம், உள்ளே குறுகல். கடல்நத்தை ஒன்று சிப்பியைத் துளைத்து, உள்ளே இருந்த சதையைத் தின்ற தடயம் அது. இத்தனை வருடம் இதே கரையில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை.

கீரட் வெர்மெய் என்ற விஞ்ஞானியைப் பற்றி அவனிடம் சொன்னேன். 1946இல் நெதர்லாந்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. சிப்பி, சங்குகளை விரலால் தடவியே ஆராய்ந்தார். நண்டு உடைத்த இடம், அது மறுபடி ஒட்டி வளர்ந்த தழும்பு எல்லாம் அவர் விரலுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் பேராசிரியராகவும் இருந்தவர்.

"அவர்கிட்ட எத்தனை சிப்பி இருக்கும்?" என்பதுதான் இவன் கேள்வி.

டவுசர் பையில் முப்பத்தேழோடு வீடு திரும்பினோம். வாஷிங் மெஷினில் மூன்று அகப்பட்டதாக அக்கா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.