பதினொன்றே முக்காலுக்கு நின்றுபோன டோக்கன்

2024 ஜூலை 1 அன்று தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானபோது நான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். மடிக்கணினி வீட்டில். ஓர் இலவச மருத்துவமனையின் டோக்கன் பதிவு என் பொறுப்பிலுள்ள டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் கொண்ட சர்வரில்தான் ஓடுகிறது. டெபியன் அன்றே திருத்தத்தை வெளியிட்டுவிட்டது. நான் நிறுவியது மறுநாள் இரவு. இடைப்பட்ட நேரத்தில் சோறு இறங்கவில்லை. இனி இது என் கைக்காகக் காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

திருத்தங்களைத் தானாகவே நிறுவும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற மென்பொருள் பொதியை நிறுவி, தினசரி இயக்கத்தை முடுக்கிவிட்டேன். எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் வசதி இதில் உண்டு. அதையும் ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிட வேலை.

அடுத்த மாதம் ஒருநாள் பதினொன்றே முக்காலுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு. "தம்பி, டோக்கன் வரவில்லை. வாசல்வரை ஆட்கள் நிற்கிறார்கள்." சர்வருக்குள் போய்ப் பார்த்தால், போஸ்ட்கிரெஸ் தரவுதளம் புதுப்பிக்கப்பட்டு மறுதொடக்கம் ஆகியிருந்தது. அறுந்த இணைப்பை மீண்டும் பிடிக்க எங்கள் செயலிக்குத் தெரியவில்லை. செயலியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கியதும் சரியானது. வெயிலில் காத்திருந்த முதியவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆனால் புதுப்பித்தல் ஏன் நட்டநடு வேலை நேரத்தில் நடந்தது? டெபியனில் அதற்கான டைமர் காலை 6 மணிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் மென்பொருள் களஞ்சியத்தை மொய்க்காமலிருக்க, ஒரு மணி நேரம்வரை ஏதோவொரு தாமதமும் சேர்கிறது. எங்கள் வாடகை சர்வரின் கடிகாரமோ யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுவது. அங்கே 6 என்றால் இங்கே 11.30. இயல்பமைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. நான்தான் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த டைமரை இயக்குவது, டெபியனில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி. அதில் நேரத்தை மாற்றியபோது ஒரு நுட்பம் பிடிபட்டது. புதிய நேரத்தை மட்டும் எழுதினால் பழைய நேரமும் உயிரோடு இருக்கும்; இரண்டு வேளையும் ஓடும். முதலில் மதிப்பில்லாத வெற்று வரி ஒன்றை எழுதிப் பழையதைத் துடைத்துவிட்டு, அடுத்த வரியில் அதிகாலை 2 மணி என்று எழுத வேண்டும். அந்த வரியிலேயே ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலத்தையும் சேர்க்கலாம். பிறகு டைமர் பட்டியலில் அடுத்த ஓட்டம் எப்போது என்று கண்ணால் பார்த்த பின்பே எழுந்தேன்.

இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் விஷயம் தனி. புதிய கெர்னல் வட்டில் வந்து அமர்ந்தாலும், கணினியை மறுதொடக்கம் செய்யும்வரை ஓடுவது பழையதே. தானியங்கி மறுதொடக்கம் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கி, நேரத்தை 22.00 என்று வைத்தேன். இந்த அமைப்பு சர்வரின் கடிகாரத்தையே பின்பற்றுவதால் நமக்கு அது அதிகாலை 3.30. நம் நேரத்தை அப்படியே எழுதியிருந்தால், டோக்கன் வரிசை தொடங்கும் காலை 9 மணிக்குச் சர்வர் அணைந்து எழுந்திருக்கும். அறுந்த இணைப்பைத் தானே மீட்கும்படி செயலியையும் திருத்தினேன்.

முதல் கெர்னல் திருத்தம் வந்த இரவு நான் தூங்கவில்லை. 3.30க்குத் திரையில் இணைப்பு அறுந்தது. சற்று நேரத்தில் மீண்டும் நுழைந்து கெர்னல் எண்ணைக் கேட்டேன். புதிய எண் வந்தது. சோதனையாக ஒரு டோக்கன் எடுத்தேன், அதுவும் வந்தது. பிறகுதான் விளக்கை அணைத்தேன்.